ஊசி போட்ட பிறகான அரை மணி நேரம்

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் குழந்தை நலப் பயிற்சி வகுக்கும் அதிகாரிகளுக்கும், அந்தப் பயிற்சிகளில் பாடம் எடுக்கும் குழந்தைகள் நல மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். 1989-இல் பணியில் சேர்ந்தேன், 2023-இல் ஓய்வு பெற்றேன். என்னிடம் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் பலர் இன்று தம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "எனக்கும் நீங்கள்தானே போட்டீர்கள் நர்சம்மா" என்று கேட்கிறார்கள். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தவன் வேறொரு பையன்.

2012-இல் பிறந்தவன். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று மூன்று முறை அவனுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் ஊசி போட்டேன். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ திரவமும் கொடுத்தேன். பதினாறாம் மாதம் பூஸ்டர். ஆக, ஐந்து முறை அவன் என் மேசைக்கு வந்திருக்கிறான். ஐந்து முறையும் அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் மாதம் வந்தபோது அவன் தாய், "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறான் நர்சம்மா" என்றாள். வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றிருந்தார்கள். "விளையாட்டுக் கவனத்தில் இருப்பான், ஆண் பிள்ளை எல்லாவற்றையும் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் என் சொல்லை நம்பி வீட்டுக்குப் போனாள். மூன்றரை வயதில் பால்வாடி ஆசிரியைதான் சந்தேகப்பட்டுச் சொன்னார். பெரிய மருத்துவமனையில் பார்த்தபோது, பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சை செய்து பொருத்தினார்கள். அதற்குள் அவனுக்கு நான்கு வயதாகியிருந்தது. செவித்திறன் குறையை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லும் கணக்கு, அவனோடு மருத்துவமனை வாசல்களில் காத்திருந்த நாட்களில்தான் எனக்குத் தெரியவந்தது. இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான். பேசுகிறான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரிகிறது, புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. மொழி வேர்விடும் மூன்று ஆண்டுகள் அவனுக்கு ஓசையில்லாமல் கழிந்துவிட்டன.

தவறியது நான்தான். அந்தப் பழியை யார் தலையிலும் ஏற்ற இதை எழுதவில்லை. ஆனால் ஒன்பது மாதக் குழந்தையைக் கையில் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும், தாய் ஒரு கவலையைச் சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கமாக இருந்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். அந்தக் கைப்பழக்கத்தை இன்று பணியில் இருக்கும் என் தங்கைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பயிற்சியால் எதையும் மாற்ற முடியாது என்று நினைப்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். தடுப்பூசி விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சியைப் பாருங்கள். குளிர்பெட்டியில் வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். குப்பியின் மேல், சூடு பட்டதைக் காட்டும் வட்டத்துக்கு நடுவே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால்தான் மருந்தைப் பயன்படுத்தலாம். கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட பிறகு தாயிடம் நான்கு செய்திகள் சொல்ல வேண்டும்: இது எந்த நோய்க்கான ஊசி, என்ன பின்விளைவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த நான்கையும் எந்தச் செவிலியரும் சொல்வார். ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லி, செய்யவைத்து, கூடவே நின்று திருத்தியதால் வந்த பழக்கம் அது. மருந்துக் குப்பியைப் பார்க்கப் பழக்கிய அதே அக்கறையோடு குழந்தையைப் பார்க்கவும் பழக்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு இரண்டு கணக்குகளை மட்டும் சொல்கிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளையும் முழுமையாகப் போட்டுக்கொண்ட குழந்தைகள் 2015-16-இல் சுமார் 70 விழுக்காடு. 2019-21-இல் அது 89 விழுக்காடு ஆகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். அதே கணக்கெடுப்பில், அதே ஆண்டுகளுக்கு இடையில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இரத்தசோகை உள்ள குழந்தைகள் 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4 விழுக்காடாக உயர்ந்திருக்கிறார்கள். ஊசிக்காக எங்கள் மேசைக்குத் தவறாமல் வந்து போகும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெளுத்த கண்ணோடு வந்து வெளுத்த கண்ணோடு திரும்பிப் போகிறார்கள் என்றுதான் இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் படிக்கிறேன். கீழ் இமையை இழுத்துப் பார்க்க ஒரு நொடி போதும். வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுக்கச் சொல்லி, மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாததால்தான் எத்தனையோ வீடுகளில் மருந்துப் புட்டி இரண்டாம் வாரமே பரண் மேல் ஏறிவிடுகிறது.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்று என் தங்கைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊசி போடும் நாளான புதன்கிழமை காலையில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குள் வந்து பாருங்கள். ஒரு பக்கம் கர்ப்பிணிகளைப் பிக்மி என்னும் இணையதளத்தில் பதிவது, இன்னொரு பக்கம் ஊசி, நடுவில் அலைபேசியில் அறிக்கை கேட்டு அழைப்பு. ஆனாலும் அந்த அறையில் யாரும் பயன்படுத்தாத நேரம் ஒன்று கிடக்கிறது. ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது மாநிலமே உறைந்துபோனது. அதன் பிறகு இந்தக் காத்திருப்பை முன்னிலும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். அந்த அரை மணி நேரம் தாய்மார்கள் சுவரில் சாய்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து தாய்மார், தம் குழந்தையைத் தவிர வேறு எதையும் மனத்தில் வைத்திராத நேரம். அதைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்?

செவிலியர் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தாய்மாரோடு யார் உட்காருவது? அங்கன்வாடிப் பணியாளர் அங்கேயேதான் இருக்கிறார். அவர்தான் குழந்தைகளை அழைத்தே வருகிறார். ஆனால் அவர் சமூக நலத் துறை, செவிலியர் சுகாதாரத் துறை. இருவருக்கும் வேறு வேறு பயிற்சி, வேறு வேறு நாள், வேறு வேறு பதிவேடு. ஒரே குழந்தையின் எடையை இரண்டு நோட்டில், சில சமயம் இரண்டு வேறு எண்ணாக எழுதுகிறார்கள். முதல் வேண்டுகோளாக இதைக் கேட்கிறேன்: ஒரு கிராமத்தின் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுங்கள். சேர்ந்து கற்றவர்கள் சேர்ந்து செய்வார்கள்.

எதைச் செய்வது, எப்போது செய்வது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊசி குத்தியதும் குழந்தை அழும். அழுகிற குழந்தையின் காதையும் கண்ணையும் சோதிக்க முடியாது. ஆகவே சோதனை ஊசிக்கு முன், பேச்சு ஊசிக்குப் பின். வரிசையில் காத்திருக்கும்போதே தாயின் மடியில் இருக்கும் குழந்தையை அங்கன்வாடிப் பணியாளர் பார்த்துவிடலாம். மூன்றரை மாதக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, பென்சிலை அசைத்தால் கண் பின்தொடர்கிறதா, நிமிர்த்திப் பிடித்தால் தலை நிற்கிறதா? ஒன்பதாம் மாதம் உட்காருகிறதா, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுகிறதா, முதுகுக்குப் பின்னால் ஓசை கேட்டால் திரும்புகிறதா? திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் உருவாக்கிய வளர்ச்சி அட்டவணை ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை மொத்தம் 17 செயல்கள், ஒரே பக்கம். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட செயல்களை எல்லாம் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் மேலே அனுப்ப வேண்டும். ஒரு பென்சிலும் ஒரு சாவிக்கொத்தும் போதும், ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். நம் தாய் சேய் நல அட்டையிலும் வளர்ச்சிப் படிகள் படம் போட்டு அச்சிடப்பட்டிருக்கின்றன. நான் பார்த்த அட்டைகளில் ஊசிப் பக்கம் நிரம்பியிருக்கும், அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும்.

சோதனை எளிது, ஆனால் கையால் செய்து பழகாமல் வராது. காதையே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு வலிக்கும் இடம் அது. குழந்தைக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கைதட்டினால் காற்று படும், நிழல் அசையும். காது கேளாத குழந்தையும் திரும்பிவிடும். தாய் மடியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பொம்மையைக் காட்டிக் கவனத்தைப் பிடித்து, சட்டென்று அதை மறைக்க வேண்டும். அந்த நொடியில் இன்னொருவர் பின்னாலிருந்து, குழந்தையின் கண்ணோரத்துக்குத் தெரியாமல், காது மட்டத்தில் கிலுகிலுப்பையை மெல்ல ஆட்ட வேண்டும். வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. தெளிவாகத் திரும்பாவிட்டால் கருவி உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். திரும்பியது போலத் தெரிந்தாலும், தாய்க்குக் கவலை இருந்தால் அப்போதும் அனுப்ப வேண்டும். இதைப் பயிற்சித் திரையில் காட்டும் படத்தைப் பார்த்துக் கற்க முடியாது. ஒரு குழந்தை, ஒரு தாய், பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் பின்னால் போ, உன் வளையல் சத்தம் கேட்கிறது" என்று திருத்தும் ஓர் ஆசிரியர், இவர்கள் வேண்டும்.

இங்கேதான் பயிற்சி நடக்கும் முறை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குளிரூட்டிய அரங்கில் இரண்டு நாள், திரையில் படங்கள், மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ் என்று முடியும் பயிற்சியில் அறிவு கொஞ்சம் சேரும். கை பழகாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் 39 கிராமங்களில் செய்துகாட்டியதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பள்ளிப்படிப்பு கொஞ்சமே உள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டில் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள், மேற்பார்வையாளர் திரும்பத் திரும்ப வீடு தேடிப்போய்த் திருத்தினார். எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளும் மூச்சை எண்ணுவதற்காக மணிகள் கோத்த ஒரு கருவியைச் செய்து கொடுத்தார்கள். அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. இன்று நாடு முழுவதும் பிறந்த 42 நாட்களுக்குள் வீடு தேடிப்போய்க் குழந்தையைப் பார்க்கும் முறை அங்கிருந்து பிறந்ததுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மண்ணிலேயே 1980-இல் தொடங்கியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் அதன் பணியாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுப்பார்கள். எடை தேறியதும் நிறுத்துவார்கள். அந்தத் திட்டம் சொல்லிக்கொடுத்த பெரிய பாடம், எடை அட்டையில் கோட்டின் போக்கைப் பார் என்பது. எடை, நல்ல நிலையைக் காட்டும் பச்சைப் பகுதியிலேயே இருக்கலாம், ஆனால் இரண்டு மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தால் அந்தக் குழந்தைக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது. சிவப்புக்கு வரும்வரை காத்திருப்பது மருத்துவம் ஆகலாம், தடுப்பு ஆகாது. இன்று பல இடங்களில் எடையை எண்ணாக எழுதுகிறார்கள், புள்ளியாக வைத்துக் கோடாக இணைப்பதில்லை. அந்தக் கோட்டைத் தாயிடம் காட்டி விளக்குபவர்கள் அதிலும் குறைவு.

தடுப்பூசி அட்டவணையை வைத்துப் பார்த்தால் இன்னொரு பள்ளமும் தெரிகிறது. பதினான்காம் வார ஊசிக்குப் பிறகு குழந்தை எங்களிடம் வருவது ஒன்பதாம் மாதம்தான். இடையில் ஏறக்குறைய ஆறு மாதம். தாய்ப்பாலோடு முதல் உணவு தொடங்குவதும், குழந்தை தவழ்ந்து கண்டதை வாயில் போடுவதும், பேதி வருவதும், எடைக்கோடு படுப்பதும் சரியாக அந்த ஆறு மாதத்தில்தான். யாரும் பார்க்காத காலமும் அதுதான். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த வீட்டுவழிக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து மாதங்களில் வீட்டுக்குப் போகச் சொல்கிறது. அப்படிப் போக வேண்டிய, ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் நம் மாநிலத்தில் சில பகுதிகளில்தான் உண்டு. மற்ற இடங்களில் ஐயாயிரம் மக்கள்தொகையைச் சுமக்கும் ஒரே செவிலியர்தான் அதையும் செய்ய வேண்டியிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வாசலுக்கே போய் இரத்த அழுத்தம் பார்க்கத் தன்னார்வலர்களைப் பழக்கிய மாநிலம் இது. ஆறாம் மாதத்தில் ஒரு முறையாவது குழந்தை இருக்கும் வீட்டின் கதவைத் தட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்ய நம்மால் முடியும்.

அந்த ஆறாம் மாதச் சந்திப்பில் பேச வேண்டியது சோறு. "இணை உணவு கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் கஞ்சித் தண்ணீரும் ரசம் விட்டுக் கரைத்த சாதமும்தான் கொடுப்பார்கள். குழந்தைக்கு வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் கெட்டியில் இருக்க வேண்டும் என்று காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது. பருப்பும் கீரையும் சேர்த்து மசித்து, ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ விட்டு, முதலில் இரண்டு மூன்று கரண்டி, எட்டாம் மாதத்துக்குள் அரைக் கிண்ணம், ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். முட்டை கொடுக்கலாம். தேநீரில் நனைத்த பிஸ்கட் உணவு ஆகாது. பயிற்சிக்கு வரும் செவிலியர்களை அடுப்படிக்குள் கூட்டிப்போங்கள். அவர்களே சமைத்து, மசித்து, கரண்டியைச் சாய்த்துப் பார்க்கட்டும். ஒருமுறை கை செய்ததை வாய் பிறகு தயங்காமல் சொல்லும்.

வீட்டுக்குப் போனால் பாட்டி இருப்பார். பாட்டியைப் புறந்தள்ளிய எந்தச் செவிலியரும் அந்த வீட்டில் மறுபடி வரவேற்புப் பெற்றதில்லை. சேனை தொட்டு வைத்தல், கழுதைப்பால் புகட்டுதல், குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், தொக்கம் எடுத்தல் என்று பாட்டிகளின் கையில் ஒரு மருத்துவமே இருக்கிறது. இதில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நல்லது, உச்சி முகர்வது நல்லது, தாலாட்டும் கதையும் மிக நல்லவை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், ஆபத்து. எதைப் பாராட்ட வேண்டும், எதை நிறுத்தச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். "நீங்கள் வளர்த்த பிள்ளைகள் எப்படி ஓங்கி நிற்கிறார்கள் பாருங்கள் அம்மா, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று நான் கேட்ட வீடுகளில் பெரும்பாலானவர்கள் விட்டார்கள். அதட்டிச் சொன்ன வீடுகளில் நான் தெருமுனையைத் தாண்டியதும் எண்ணெய்க் கிண்ணம் திரும்ப வந்தது.

தாயிடம் பேசுவதும் அப்படித்தான். "ஏன் இப்படி எடை குறையவிட்டாய்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால் அவள் அடுத்த மாதம் வரமாட்டாள். பயிற்சியில் வேறு எதைக் கற்றுக்கொடுக்க நேரமில்லாமல் போனாலும் ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: "குழந்தையின் பார்வை, காது, பேச்சு, நடை, சாப்பாடு எதைப் பற்றியாவது உனக்கு மனக்கவலை இருக்கிறதா?" இதைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். கூடவே, "நீ எப்படி இருக்கிறாய், தூங்குகிறாயா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்து, யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தாய் சோர்ந்த வீட்டில் குழந்தையோடு பேசுவார் இல்லை.

குழந்தைகள் நல மருத்துவர்களே, உங்களிடம் தனியாக இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

மாதத்தில் ஒரே ஒரு புதன்கிழமை காலை, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். உரை நிகழ்த்த வேண்டாம். செவிலியர் குழந்தையைப் பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், அவ்வளவுதான். வர முடியாத தொலைவு என்றால், வாரம் ஒரு மணி நேரம் காணொளியில் இருபது செவிலியர்களோடு உட்கார்ந்து அவர்கள் பார்த்த குழந்தைகளைப் பற்றிப் பேசுங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய எக்கோ என்னும் முறை இப்படித்தான் வளர்ந்தது. ஓர் இடத்து நிபுணர், தொலைதூரத்துப் பணியாளர்கள், அவர்கள் கையில் உள்ள உண்மையான நோயாளிகள். நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநலத்துக்கு இந்த முறையைக் கையாள்கிறது. குழந்தை வளர்ச்சிக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். உங்கள் சொந்த மருத்துவமனைகளிலும் காத்திருக்கும் தாய்மார் கையில் ஒரு பக்கக் கேள்வித்தாளைக் கொடுக்க வரவேற்பில் இருக்கும் பெண்ணைப் பழக்கலாம். காய்ச்சலுக்கு வந்த குழந்தை இரண்டு வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பதில் எழுதுங்கள். ஒரு குழந்தையை, வளர்ச்சிக் குறைகளைச் சோதித்துச் சிகிச்சை தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப நாங்கள் என்ன பாடுபடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியாது. தாய்க்கு இரண்டு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், மாமியாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், கணவர் ஊரில் இருக்க மாட்டார். இவ்வளவுக்கும் பிறகு அவள் போய் வந்தால், அங்கே என்ன சொன்னார்கள் என்று அவளுக்கும் சொல்லத் தெரியாது, எங்களுக்கும் தெரியவராது. நீங்கள் எழுதும் இரண்டே வரி போதும். "இந்தக் குழந்தைக்குச் செவித்திறன் இயல்பாக இருக்கிறது, அனுப்பியது சரி" என்று ஒரு சீட்டு வந்தால், அந்தச் செவிலியர் அடுத்த குழந்தையைத் தயங்காமல் அனுப்புவார். "இதைக் கவனித்திருக்க வேண்டும்" என்று வந்தால் அடுத்த முறை கவனிப்பார். எந்த அரங்கிலும் கிடைக்காத பயிற்சி அந்தச் சீட்டில் இருக்கிறது.

அதிகாரிகளே, பகுதி சுகாதார செவிலியர்களையும் சமுதாய சுகாதார செவிலியர்களையும் மறந்துவிடாதீர்கள். கீழே வேலை செய்பவரைப் பக்கத்தில் நின்று திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தான். இன்று அவர்களுடைய நாளில் பெரும்பகுதி பதிவேட்டைச் சரிபார்ப்பதிலும் விடுபட்ட எண்ணைக் கேட்டு அலைபேசியில் பேசுவதிலும் கரைகிறது. முதலில் அவர்களுக்கு ஆழமாகப் பயிற்சி கொடுங்கள். பிறகு மாதத்துக்கு இத்தனை குழந்தைகளைச் செவிலியரோடு சேர்ந்து பார்த்தேன் என்பதை அவர்கள் பணியின் அளவுகோல் ஆக்குங்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று மட்டும் கணக்கெடுத்தால் அரங்கில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கைதான் கிடைக்கும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி ஒரு புதன்கிழமை போய், பத்து அட்டைகளை வாங்கி, வளர்ச்சிப் பக்கம் நிரம்பியிருக்கிறதா, எடைக்கோடு வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பவில்லை என்றால் அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்பதற்கு முன், அவர் மேசையில் இருக்கும் பதிவேடுகளை எண்ணிப் பாருங்கள். எதை எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். சொல்வார்.

ஒரு பரிசோதனையாகவே தொடங்கலாம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களில் ஒரே நாளில் மாற்றம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வட்டாரம், ஓராண்டு. ஊசிக்கு முன் சோதனை, ஊசிக்குப் பின் அரை மணி நேரப் பேச்சு, ஆறாம் மாதம் ஒரு வீட்டுச் சந்திப்பு, மேலே அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதில் சீட்டு. அந்த வட்டாரத்தில் காது கேளாத குழந்தையை எந்த வயதில் கண்டுபிடிக்கிறோம், நடக்கத் தாமதமாகும் குழந்தை எந்த வயதில் பயிற்சிக்குப் போய்ச் சேர்கிறது என்று பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தப் பையனின் தாய் இன்றும் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருமுறைகூடக் குறைசொன்னதில்லை. 2016-இல் அவனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய வாரம் சந்தையில் ஒரு சிவப்புக் கிலுகிலுப்பை வாங்கினேன். ஓய்வு பெறும்வரை புதன்கிழமைதோறும் அது என் ஊசிப் பெட்டியோடு வந்தது. அதன் பிறகு என் மேசைக்கு வந்த எந்தக் குழந்தையையும் அதை ஆட்டிப் பார்க்காமல் அனுப்பியதில்லை. அதன் பயனாய் ஒரு பெண் குழந்தையைப் பத்தாம் மாதத்திலேயே அனுப்ப முடிந்தது. அவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள், பாட்டும் பாடுகிறாள்.

பயிற்சி எந்த ஊரில் நடந்தாலும் சொல்லி அனுப்புங்கள். பஸ் ஏறி வந்துவிடுகிறேன். கிலுகிலுப்பை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்